ஆம்ப்ளிஃபயருக்கு டைரக்ட் கொடுத்தவன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டினேன். அங்கே நான் கற்ற ஒரே மின்சாரப் பாடம் ‘டைரக்ட்’. ஸ்விட்ச் போய்விட்டதா? டைரக்ட் கொடு. ரிலே மக்கர் பண்ணுகிறதா? டைரக்ட் கொடு. நான் அலைந்து திரிந்து வாங்கிப் போட்ட ரிலேக்கள் ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருக்க, மெயின்டனன்ஸ்காரர்கள் இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கேன்டீன் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்று நான் பார்த்ததில்லை. ஆயுதபூஜை விடுமுறையிலும் ஆளில்லாத கேன்டீனின் காற்றை அது வெளியேற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆட்களை நான் ஏளனமாகப் பார்ப்பேன். ஏளனம் எனக்குச் சுலபமாக வரும். நிறையப் படிக்கிறவன் அல்லவா.

போன வருடம் மைத்துனன் புதுக் கார் வாங்கினான். பழைய காரில் இருந்த ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி எனக்குக் கொடுத்தான். “மாமா, கடையில குடுத்து மாட்டிக்குங்க. நீங்க கை வைக்காதீங்க” என்றான். கடையா? பழைய உரையாசிரியர்களோடு பென்சிலால் மல்லுக்கட்டிப் புத்தக ஓரங்களை நிரப்பியவன் நான். எட்டுப் பக்கக் கையேடு எனக்கு எம்மாத்திரம்?

கையேடு தெளிவாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மூன்று திருகுகள். ஒன்றில் பேட்டரி கரன்ட், ஒன்றில் எர்த். மூன்றாவதில், ஸ்டீரியோவின் முதுகிலிருந்து வரும் மெல்லிய நீல ஒயரை இணைக்க வேண்டும். ஸ்டீரியோவை ஆன் செய்தால் அந்த ஒயர் ஆம்ப்ளிஃபயரை எழுப்பும். ஆஃப் செய்தால் தூங்க வைக்கும். ரிமோட் ஒயர் என்று அதற்குப் பெயர்.

அதை எடுக்க எங்கள் காரின் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு மூடியை நெம்பினேன். படக்கென்று ஒரு கிளிப் உடைந்தது. என் ஆராய்ச்சி மனப்பான்மையும் அதோடு உடைந்தது. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். கரன்ட் திருகுக்கும் மூன்றாவது திருகுக்கும் அரை விரல் இடைவெளி. ஒரு துண்டு ஒயரை வெட்டி இரண்டையும் இணைத்தேன். டைரக்ட்! பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நாகஸ்வரம் போட்டேன். கதவுகள் அதிர்ந்தன.

மனைவி வந்து ஒரு நிமிடம் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை வண்டி ஓடணும். அது ஞாபகம் இருக்கட்டும்.”

திங்கட்கிழமை அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. ஆசிரியை அவள். முத்தாபுதுப்பேட்டைக்கு மாற்றல் வந்திருந்தது. நாங்கள் இருக்கும் சென்னீர்குப்பத்திலிருந்து அங்கே பஸ் மாறி மாறிப் போனால் முதல் பீரியட் காலி. ஏற்கெனவே இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் கிளட்சைப் பட்டென்று விட்டு இன்ஜினை நிறுத்தியிருந்தாள். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் அந்த வாரத்தோடு முடிகிறது. இதிலும் கோட்டை விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஞாயிறு முழுக்கக் கார் அசையாமல் நின்றது. திங்கள் காலை சாவியைத் திருப்பினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“என்னங்க பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே” என்றேன். முப்பது வருட இல்லறத்தில் அந்த வாக்கியத்தை அவள் ஒருமுறைகூட நம்பியதில்லை.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய்க்கு போன் போட்டேன். மொபெட்டின் கால்வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டவர் வெடுக்கென்று எடுத்தார். “சூடா கீது சார்! வண்டி நிக்கும்போது இது இன்னாத்துக்கு முழிச்சிகினு கீது?” துண்டு ஒயரை வெளியே இழுத்துப் பார்த்தார். “யாரு சார் இந்த வேலைய பண்ணது?”

“ஏன், என்னாச்சு?”

“அந்த நீல ஒயரு கொரலு குடுக்கற ஒயரு சார். எப்ப எந்திரிக்கணும், எப்ப தூங்கணும்னு சொல்லும். யாரோ டைரக்ட் குடுத்துகிறாங்கோ. ரெண்டு நாளா தூங்காம பேட்டரிய மொத்தமா குட்ச்சி வெச்சிகீது.”

“இவர்தான் பாய்” என்றாள் மனைவி. எனக்காகப் பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை.

துண்டு ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கேபிள் போட்டார். இன்ஜின் உறுமியது. “அம்மா, இந்த பேட்டரிக்கு வயசாய்ட்ச்சு. இன்ஜினு ஓடற வரிக்கும் ஓடும். நடுவுல நின்னா மறுபடி எடுக்கும்னு நம்பாதே. நான் பக்கத்துல குந்திக்கிறேன்.”

பழகுகிறவருக்குப் பக்கத்தில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் எனக்கும்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. பின்சீட்டில் பாயின் பேட்டரியை மடியில் ஏந்தி உட்கார்ந்தேன்.

பூந்தமல்லி சிக்னல்களில் அவள் கிளட்சை விட்ட பதவிசு, அரை வருடப் பயிற்சியில் நான் கண்டிராதது. நின்றால் போச்சு என்ற பயம், டிரைவிங் ஸ்கூல் கற்றுத்தராததைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆர்.டி.ஓ. மைதானத்து வரிசையிலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முறை வந்ததும் பேட்டரியோடு நானும் பாயும் இறங்கினோம். ஆய்வாளர் ஏறினார். முன்னே போனாள், பின்னே வந்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள். மேட்டில் வண்டி ஒருமுறை குலுங்கியது. பேட்டரியை இறுகக் கட்டிக்கொண்டேன். வண்டி நிற்கவில்லை.

ஆய்வாளர் இறங்கினார். “பாஸும்மா. ஆஃப் பண்ணிட்டு வந்து கையெழுத்து போடுங்க.”

“ஆஃப் பண்ண மாட்டேன் சார். இங்கயே குடுங்க.”

“ஏம்மா?”

ஜன்னல் வழியே என்னைக் காட்டினாள். ஆய்வாளர் என்னையும் என் கையிலிருந்த பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், எழுதும் அட்டையோடு காகிதத்தை ஜன்னலுக்குள் நீட்டினார்.

“அம்மா பாஸ் ஆய்ட்ச்சு” என்றார் பாய் என்னிடம். “நீதான் சார் இன்னும் எல்.எல்.ஆரு.”

நான் பேட்டரியோடு பின்கதவைத் திறப்பதற்குள் அவள் முதல் கியர் போட்டுவிட்டாள். “பாய், முன்னாடி ஏறுங்க” என்றாள்.