குப்பைக்குப் போன மேலுறைகள்

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். கத்தாரில் வீட்டுச் சாமான்களைப் பேக்கிங் செய்யும் வேலையில் சேர்ந்திருந்தேன். எங்கே தப்பு செய்தாலும், திட்டு விழுமுன் வேலையை விட்டுக் கிளம்பிவிடுவேன்.

அங்கே ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் எஞ்சினியராக இருந்த சென்னைக்காரர் ஒருவர் துபாய்க்கு மாறினார்; அவர் வீட்டுப் பேக்கிங் எங்களுக்கு வந்தது. பேஸ்பால் பற்றிய நூறு வருடப் பழைய புத்தகங்கள் பதினொன்று வைத்திருந்தார். காகித மேலுறைகள் அழுக்கேறிக் கிழிந்திருந்தன. பள்ளியில் எனக்கு நன்றாக வந்தது புத்தகத்துக்கு அட்டை போடுவது ஒன்றுதான். அவர் வெளியே போன நேரத்தில் மேலுறைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பிரவுன் பேப்பரில் புது அட்டை போட்டு வைத்தேன்.

திரும்பி வந்தவர் முகம் வெளிறிவிட்டது. “மேலுறை எங்கய்யா? அதோட கிடைக்கிறதுதான் அபூர்வம். இருபது வருஷமாத் தேடிச் சேர்த்தேன்!”

“குப்பையில போட்டுட்டேன் சார். பை கீழ போயிடுச்சு.”

“கலாஸ், முடிஞ்சுது! நீ ரூமுக்குப் போ, நாளைலேருந்து வராதே” என்று சத்தம் கேட்டு வந்த எங்கள் சூப்பர்வைசர் கத்தினார். போகத்தான் திரும்பினேன்.

“அவன் எங்க போறது? எந்தப் பைன்னு அவனுக்குத்தான் தெரியும். வாய்யா” என்று எஞ்சினியர் முன்னால் இறங்கினார்.

வெயிலில் இருவரும் குப்பைத் தொட்டியைக் கிளறினோம். பத்து கிடைத்தன. பதினொன்றாவது குழம்பில் ஊறிக் கூழாகியிருந்தது. அதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

“அட்டை மட்டும் நல்லாப் போட்டிருக்கே, பாவி” என்றார். சிரிக்கவில்லை.

பேக்கிங் முடியும்வரை நான்தான் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். என்னை மன்னித்தாரா என்று இன்றும் தெரியாது. மறுநாள் காலை அவர் வீட்டு மணியை அடித்தேன். தப்பு செய்த இடத்துக்கு நான் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.