சாவியை எடுத்த பிறகும்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. காதுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கார் கேட்டுக்குள் நுழையும்போதே, பேனட்டைத் திறக்காமல், "மூணாவது பிளக் சரியா அடிக்கலை" என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கார்பரேட்டர் வைத்த பழைய வண்டிகள் மட்டுமே அவரிடம் வந்தன. தகரக் கூரை போட்ட ஷெட், நடுவில் ஆள் இறங்கிப் பார்க்க ஒரு குழி, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஸ்பானர்கள். பக்கத்துக் கடை வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் கடை. அதன் கம்ப்ரஸர் ஓடினால் இங்கே தரையே அதிரும்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்குக் காது மங்க ஆரம்பித்தது. முதலில் போன் மணி போயிற்று. பிறகு முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களின் பேச்சு. யாரிடமும் சொல்லவில்லை. காதுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும் என்று பயந்தார். எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். பிடிபடாவிட்டால் சிரித்து மழுப்புவார். வீட்டில் இந்தத் தொந்தரவே இல்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, துணி தைத்துக் கொடுப்பவர். 'மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு' என்று முதலில் நினைத்தார். பிறகு ஒரு நாள் நடந்த விஷயத்துக்கு அப்புறம் அப்படி நினைப்பதைக்கூட விட்டுவிட்டார். மனைவியின் அண்ணன் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தார். காலையில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவியபடியே, திரும்பாமல், "அண்ணனுக்கு ரொம்ப முடியலையாம். இன்னிக்கே வரச் சொல்றாங்க. நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டார். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி சரி, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். மனைவி தனியாகப் பஸ் ஏறினார். சாயங்காலத்துக்குள் அண்ணன் போய்விட்டார்.

தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாள் என்ற வருத்தம் இவருக்கு. மனசில் ஈரமே இல்லாத மனுஷன் என்ற கசப்பு மனைவிக்கு. இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

கணக்கு டீச்சரின் கார் திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். டீச்சர் ரிட்டயர் ஆகி வெகு நாளாயிற்று. கரும்பச்சை நிறத்தில், ஐம்பது வயசை நெருங்கும் கார். அவருடைய அப்பா ஓட்டியது. மூன்று வாரத்துக்கு முன்புதான் காதுக்காரர் அதைப் பிரித்து, டியூன் செய்து கொடுத்திருந்தார்.

"சாவியை எடுத்துடறேன். அப்புறமும் எஞ்சின் அது பாட்டுக்கு ஓடுது. கடகடன்னு வண்டியே குலுங்கி, கடைசியில ஒரு இருமல் இருமிட்டு நிக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க எட்டி எட்டிப் பார்க்கிறாங்க. மானம் போகுது" என்றார் டீச்சர்.

"கரிதான் டீச்சரம்மா. உள்ளே படிஞ்ச கரி கங்கு மாதிரி சிவந்து போயிடும். பிளக்கு அடிக்காமலே அந்தச் சூட்டுல பெட்ரோல் பத்திக்குது. சுரண்டிட்டா சரியாயிடும்."

சுரண்டினார். எஞ்சினின் தலையைக் கழற்றி, பித்தளைத் தகட்டால் கரியெல்லாம் வழித்தெடுத்தார். வண்டி இரண்டு நாள் ஒழுங்காக நின்றது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பிளக்குகளை மாற்றினார். லைட் வைத்து டைமிங் பார்த்தார். ரேடியேட்டரைக் கழுவினார். எங்காவது காற்று இழுக்கிறதோ என்று கார்பரேட்டருக்கு அடியில் புது கேஸ்கட் போட்டார். எதற்கும் வண்டி பிடி கொடுக்கவில்லை. அதே மாதத்தில் போட்டோக்காரரின் வண்டியும் பல் டாக்டரின் வண்டியும் இதே புகாரோடு வந்தன. "இப்ப வர்ற பெட்ரோலே சரியில்லை" என்று அவர்களை அனுப்பிவைத்தார்.

அன்று மத்தியானம் டீச்சர் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காதுக்காரர் பேனட்டைத் திறந்து வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியைத் திருப்பி எடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. காலடியில் வந்த அதிர்வு அதனுடையது என்றே நினைத்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. ஒரு பார்வை பார்த்திருந்தாலே எஞ்சின் குலுங்குவது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க, முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக உள்ளே போயிற்று.

"ஓடிட்டிருக்கு! கையை எடுங்க!" என்று டீச்சர் கத்தினார். மறுபடியும் கத்தினார். ஃபேன் அவர் வலது கையின் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சர் அவர் மனைவியிடம், "ரெண்டு தடவை கத்தினேம்மா. தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அது டாக்டர் காதில் விழுந்தது. மறுநாளே காதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு காதில் கொஞ்சம் மிச்சம், இன்னொன்றில் அதுவும் இல்லை.

மனைவி கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும்."

"அப்ப, அண்ணனைப் பார்க்கப் போகணும்னு நான் கேட்டது?"

"நீ எங்கே கேட்டே? சொல்லாம கொள்ளாமத்தானே கிளம்பிப் போனே?"

மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் திரும்பவில்லை. அவர் ஏதாவது பேசினாரா, அழுதாரா என்பது கட்டிலில் இருந்தவருக்குத் தெரியாது.

அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் அவருக்குப் பளிச்சென்று பட்டது. கரியும் பிளக்கும் பார்த்தவர் கார்பரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. சும்மா நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த ஸ்க்ரூதான் தீர்மானிக்கும். அதை அவர் எப்போதும் காதால்தான் வைப்பார். தன் காதுக்குக் கேட்கிறவரை திருகித் திருகி, எல்லா வண்டியையும் தேவைக்கு மேல் வேகமாக வைத்திருக்கிறார். கார்பரேட்டரின் கதவு கொஞ்சம் திறந்தே இருந்தால், சாவியை எடுத்தாலும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். குற்றம் பெட்ரோலிலும் இல்லை, வண்டியிலும் இல்லை.

கட்டுப் பிரிக்கும் முன்பே ஷெட்டுக்குப் போனார். மனைவியையும் கூப்பிட்டார். அவர் கூடவே வந்தார். டீச்சரின் காரை ஸ்டார்ட் செய்து, இடது கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி ஸ்க்ரூவைத் தளர்த்தினார்.

"எப்படி ஓடுது?"

"வேகமா."

"இப்ப?"

"இப்பவும் வேகமாத்தான்."

கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. அவரைப் பொறுத்தவரை எஞ்சின் எப்போதோ அடங்கிவிட்டது. மனைவியோ இன்னும், இன்னும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட இரண்டு சுற்று ஆன பிறகு, "போதும். இதுக்கு மேல போனா நின்னுடும்" என்றார்.

காதுக்காரர் சாவியைத் திருப்பினார்.

"நின்னுடுச்சு" என்றார் மனைவி.

"நல்லாக் கேளு."

"நின்னுடுச்சுங்க. சத்தமே இல்லை."

டீச்சர் வண்டியை எடுத்துப்போக வந்தபோது, கட்டுப்போட்ட கையைப் பார்க்கமுடியாமல் தரையைப் பார்த்தே பேசினார். போட்டோக்காரருக்கும் பல் டாக்டருக்கும் காதுக்காரர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள், தப்பு என்னுடையது. போட்டோக்காரர் வேறு மெக்கானிக்கிடம் போயிருந்தார். டாக்டர் பதிலே அனுப்பவில்லை.

ஷெட்டைக் காலி செய்து கொடுத்தார். உதிரி பாகங்கள் அடுக்கும் ஒரு கிடங்கில் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். என்ன வேண்டும் என்று சீட்டில் எழுதி நீட்டினால், இடது கையால் எடுத்துக் கொடுப்பார். அங்கே யாரும் அவரைக் காதுக்காரர் என்று கூப்பிடவில்லை. நம்பர் போட்ட நீலச் சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் மனைவி இப்போது எதிரே வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். துணி காய்ந்துவிட்டதா, கதவைப் பூட்டியாயிற்றா என்பது மாதிரியான பேச்சுகள். அண்ணனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரு தடவை அவரே ஆரம்பித்தார்: "அன்னிக்கு எனக்குக் கேட்டிருந்தா..."

"விடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி மெஷினில் போய் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோர்க்க ஆரம்பித்தார்.