சாமி வந்த நெஞ்சு

வடகரைச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மேளம் ஏறினால் சுடலையாண்டியின் நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்துவிடும். சாமி வந்துவிட்டதென்று அவருக்கு அப்படித்தான் தெரியும். அப்பாவுக்குப் பிறகு சாமியாடும் முறை அவருடையது. போலீஸ் வேலையில் எந்த ஊரில் கிடந்தாலும் கொடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள், மேளமும் இல்லை தாளமும் இல்லை, தென்காசிச் சந்தையில் தக்காளி பொறுக்கும்போது அதே அடி அடித்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் தாளந்தப்பித் துடிக்குது. உள்ள ரத்தம் கட்டிச்சுன்னா மூளையில போய் அடைச்சிரும்" என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் கேட்டார்: "ஏட்டி வள்ளி, அப்ப இத்தன வருஷமா வந்தது சாமியா, சீக்கா?"

ஆனந்தவள்ளி, "சீக்குக்கு மாத்திர தின்னுங்க. சாமிய சாமி பாத்துக்கிடும்" என்று அதட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள்தான் போலீஸ். மாத்திரை தின்பதால் சவரத்தில் கீறினால்கூட ரத்தம் நிற்காமல் துண்டு நனைந்துவிடும். அரிவாள்மனைப் பக்கம் அவரை விடமாட்டாள்.

கொடையில்தான் சிக்கல். சாமியாடி இடது கையைக் கத்தியால் கீறிப் படையல் சோற்றில் ரத்தம் சொட்டவிட வேண்டும். ரத்தம் தானாக நின்றால் சாமி ஏற்றுக்கொண்டது. நிற்காவிட்டால் கோபம். மாத்திரை தொடங்கிய வருஷம் அவர் ஆடாமல் ஒதுங்கிக்கொண்டார். அதோடு தூக்கம் போயிற்று. "மாடன் வாசல்ல வந்து நிக்கான் வள்ளி. ஏம்லே கதவச் சாத்துனன்னு கேக்கான்" என்பார்.

அடுத்த கொடைக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். ஆடுவது மட்டும்தான், கத்தியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கோயிலிலேயே ஒரு வாரம் தங்கினார். காப்புக் கட்டியவரின் பக்கம் பெண்டாட்டி போகக்கூடாது. மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள்.

கொடையன்று காலை துவைக்க வந்த சட்டையை மத்தியானம் நெருங்கும்போதுதான் எடுத்தாள். பையில் அட்டை அப்படியே இருந்தது. ஒன்றுகூடப் பிதுக்கவில்லை. ரத்தம் நிற்கவேண்டும் என்பதற்காக மாத்திரையை விட்டிருக்கிறார்! அடப் பாவி மனுஷா என்று அட்டையோடு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் உச்சிக்கொடை மேளம் ஏறிவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது, கையைக் கீறியாயிற்று. ரத்தம் சொட்டி, நின்றும்விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை.

பிறகு குறி சொன்னார். முதலில் தெளிவாகத்தான் சொன்னார். அப்புறம் நாக்கு குழறியது. வாய் ஒருபக்கமாக இழுத்தது.

"தெய்வ பாஷ பேசுது!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"அய்யோ, அவருக்கு என்னமோ செய்யுது, பிடிங்க!" என்று பாய்ந்தவளைக் கோயில் தலைவர் சுந்தரபாண்டியன் மறித்தார். "சாமி நிக்கும்போது பொம்பள தொடக்கூடாது தாயி."

ஆனந்தவள்ளி நின்றுவிட்டாள். இன்றுவரை அவளைத் தின்பது அதுதான். அந்த ஆளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். சாமிக்குப் பயந்து நின்றாள். சுடலையாண்டி சரிந்து விழுந்த பிறகுதான் மேளம் நின்றது.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் போயின. இப்போதெல்லாம் வாசலில் ஆளரவம் கேட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

சில மாதம் கழித்து சுந்தரபாண்டியன் பழத்தட்டோடு வந்தார். "சாமி கடைசியா என் மவளப் பாத்துத்தான் என்னமோ சொல்லிச்சு. பிள்ள இல்லாம இருந்தவ இப்ப மாசமா இருக்கா. வாக்கு பலிச்சிட்டு தாயி."

ஆனந்தவள்ளிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எந்தச் சாமி? அது வாதம் அண்ணாச்சி! மூள அடைச்சு, வாய் கோணி, மனுஷன் கிடந்து தவிச்சாரு. நீங்கல்லாம் கும்பிட்டுக்கிட்டு நின்னிய!"

திரும்பினால், கட்டிலிலிருந்து சுடலையாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. ரத்தம் நின்ற அந்த உச்சிப்பொழுதில்தான், சாமியா சீக்கா என்ற அவருடைய கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருந்தது. கையையும் காலையும் கொடுத்து வாங்கிய பதில். அதையும் அவள் பிடுங்கிவிட்டாள்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாமிதாங்க. நான் ஒரு கிறுக்கி, கோவத்துல உளறிட்டேன். அன்னைக்கு வந்தது சாமிதான்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.