ஆர்டித்தோட வலப்பக்க வண்டி

"என் இடுப்பக் கழட்டித் தர்றேன், மாட்டிக்கிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருடா! அப்புறம் வாயத் தொற!" போஸ்ட் ஆபீசுல நாலு பேரு முன்னாடி, தபால் குடுக்கற ஆர்டித் கத்துனா.

போஸ்ட் மாஸ்டர் டுவேன் அசரல. "இடுப்பு உன்னுதுதான்க்கா, ரூட்டு ஆபீசோடது. போன வாரம் பிரேக்க மிதிக்க முடியாம வேலியில போய் முட்டுன. திங்கக்கிழமை நானே கூட வருவேன். வலப்பக்கம் ஸ்டியரிங் வச்ச வண்டி கொண்டா. இல்ல, வேற ஆளப் போட்டுருவேன்."

அமெரிக்காவுல, நெப்ராஸ்கா மணல்மேட்டுல தபால் குடுக்கறவங்க சொந்த வண்டியிலதான் போகணும். வீட்டுக்கு வீடு கம்பு நட்டு வச்ச தபால் பெட்டியெல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம், ஸ்டியரிங்கோ இடப்பக்கம். அதனால ஆர்டித் பக்கத்து சீட்டுல உக்காந்து, இடது காலக் குறுக்க நீட்டி பிரேக்க மிதிப்பா. இடது கை ஸ்டியரிங்ல, வலது கை ஜன்னல் வழியா பெட்டிக்குள்ள. புருஷன் செத்த மறுவாரமும் அப்படித்தான் போனா. புதுசா பாக்கறவன், ஓட்ட ஆளில்லாம வண்டி வருதுன்னு ஓரமா ஓடுவான். அப்பேர்ப்பட்டவ. ஆனா இடுப்பு எலும்பு எத்தன வருஷந்தான் தாங்கும்? ரூட்டு போச்சுன்னா வீட்டுச் சொவரப் பாத்துக்கிட்டு உக்காரணும். அதுக்குச் சாகலாம்னு நெனச்சா.

சனிக்கிழமை ஓமாகா டவுன்ல ஒரு வண்டிக் கடையில, ஜப்பான்லேந்து கப்பல்ல வந்த, கிளட்ச் இல்லாத பழைய வேன் ஒண்ணக் காட்டுனாங்க. ஏறி உக்காந்து பாத்தா. ஸ்டியரிங் வலப்பக்கம். ஜன்னல் விளிம்பு தபால் பெட்டி வாய்க்கு நேரா. சீட்டு அவ இடுப்பு ஒசரத்துக்கே இருந்துச்சு, ஏற எறங்க வலியே இல்ல. மூக்கு குட்டை, முன்னாடி கோழி நின்னாக்கூடத் தெரியும். தபால் தட்டு வைக்க கைக்கெட்டுற எடம். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ உக்காந்து, முட்டி, முழங்கை, இடுப்புன்னு ஒவ்வொண்ணா யோசிச்சிருக்கான். அவ ஒடம்ப யாரும் அப்படி நெனச்சுப் பாத்ததே இல்ல. கட்டுனவன் உட்பட.

வாங்கிட்டா.

திங்கக்கிழமை, டுவேன் பக்கத்துல. மொதப் பெட்டி விவசாயி எமில் வோன்ட்ராவோடது. பிரேக்கு வலது காலுக்குக் கீழயே இருக்கு. இவளோட இடது காலு பழக்கத்துல குறுக்க போயி வெறும் தரைய மிதி மிதின்னு மிதிக்குது. வண்டி நிக்கல. வண்டி முட்டி, பெட்டி கம்போட சாஞ்சுது.

"பிரேக்கு எங்கக்கா போச்சு?"

"காலு இன்னும் பழைய வண்டியிலயே இருக்குடா!"

எமில் காப்பிக் கோப்பையோட வெளிய வந்தான். "வண்டிதான் புதுசு போல, ஓட்டறது பழசேதான்!"

"பல்லக் காட்டாத, வைக்கோல் கட்டற கயிறு குடு."

இடது காலச் சீட்டோட சேத்து இறுக்கிக் கட்டுனா. வண்டியக் கெளப்புனா. பெட்டி பெட்டியா போச்சு, பள்ளத்துலயும் மணல்லயும். கையு நீளும், தபால் விழும், மூடி சாத்திக்கும். ஒரு தடவகூட எறங்கல. ஒரு முனகல் இல்ல. பாதி வழியில டுவேன் தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டான், சர்ச்சுல உக்காந்த மாதிரி.

கடைசிப் பெட்டிக்கு அப்புறம் தொப்பிய மாட்டிக்கிட்டுச் சொன்னான். "ரூட்டு உன்னுதுதான்க்கா."

அவ ஸ்டியரிங்கத் தடவிக்கிட்டே இருந்தா.

திரும்பற வழியில ரெண்டு பேருமா எமிலுக்கு, சாஞ்சதுக்குப் பதிலா புதுப் பெட்டி வாங்குனாங்க. இருக்கறதுலயே பெருசாத்தான் வேணும்னுட்டான் பாவி. கம்போட சேத்து தொண்ணூத்தாறு டாலர்.