மேஸ்திரி கழுத்தில் விழுந்த மல்லிகை மாலை

நூறு கூலிகளை ஒரே அதட்டலில் ஓட வைக்கும் ராயபுரத்து மேஸ்திரி எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடக்க, என் உம்மா அவர் கழுத்தில் மல்லிகை மாலையைப் போட்ட காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காது. முப்பது வயது மனுஷர், புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். அந்த மாலையால் அவர் குடும்பமே முறிந்துபோகப் பார்த்தது என்பது வேறு விஷயம்.

அப்போது நான் துறைமுகத்தில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் முப்பதைத் தாண்டிய வயதுதான். மேஸ்திரிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். இருபத்திரண்டு வயது மனைவி, காத்திவாக்கத்து மீனவர் குப்பத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. காரணத்தை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மூட்டைகளின் மறைவில், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"பாய், முன்தோலு இறுகிக் கெடக்குது. ஒண்ணுக்குப் போனாலே எரியுது. அவகிட்ட போனா உசுரே போவுது. அவ இன்னாடான்னா, எனக்கு அவளப் புடிக்கலன்னு நெனச்சிகினு பூட்டா."

எங்கள் முஸ்லிம் ஆட்களுக்குச் சின்ன வயதிலேயே அந்தத் தோலை வெட்டிச் சுன்னத்து முடிந்துவிடுவதால் என்னைக் கேட்டார். துறைமுகத்தில் இதைப் பற்றி அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. வெட்டினால் குதிரை பலம் வரும் என்பான் ஒருவன். மரத்துப்போகும், ஆண்மை அம்போ என்பான் இன்னொருவன். இரண்டும் சுத்த உளறல். "நாலு புள்ள பெத்தவன் உன் எதுர்ல நிக்கிறேன், எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி?" என்று கேட்டேன். வெட்டாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி அளக்கவும் மாட்டேன். கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "பலமும் ஏறாது, ஆண்மையும் குறையாது. இந்த இறுக்கம் போகும், வலி போகும், கழுவிச் சுத்தமா வெச்சுக்கலாம். ஆனா முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் சம்சாரத்துக்கிட்ட போகணும். அவசரப்பட்டா என்கிட்டதான் ஓடி வருவே" என்றார்.

அறுத்து முடிந்ததும், தனியாக இருக்கிறாரே என்று எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். என் கைலியைக் கட்டிவிட்டோம். விட்டத்திலிருந்து கயிறு கட்டி, போர்வை புண்ணில் படாமல் கூடாரமாகத் தூக்கிவிட்டோம். சுன்னத்து நடந்த வீட்டில் அதுதான் வழக்கம். உம்மாவுக்கு அதோடு மனசு ஆறவில்லை. "சுன்னத்துன்னா மாலை இல்லாம எப்படிடா? யார் வூட்டுப் புள்ளயா இருந்தா இன்னா?" என்று பூக்காரியைக் கூப்பிட்டுவிட்டார்.

மருமகனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, கூடை நிறைய இறாலோடு மாமனார் வந்து நின்றது அந்த நேரம் பார்த்துத்தான். கூடாரம், கைலி, மாலை, முக்காட்டோடு என் உம்மா. அவர் வேறென்ன நினைப்பார்? "அடப்பாவி, மதம் மாறிட்டியாடா!" என்று அலறிவிட்டு, கூடையை வாசலிலேயே போட்டுப் போய்விட்டார். மேஸ்திரியால் எழுந்து ஓடவா முடியும்?

புண் ஆறியதும் மேஸ்திரியைக் காத்திவாக்கத்துப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். துணைக்கு நானும் போனேன். வலை காய்ந்த மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. "சாயபுவா மாறினவனுக்கு என் பொண்ணு எதுக்கு? அத்து வுட்ருங்க" என்றார் மாமனார். நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரி என் தோளை அழுத்தினார். "நீ சும்மா இரு பாய். ஒடம்பு என்னுது."

இன்றைக்கு என் பேரன் வயதுப் பையன்கள் இதை டாக்டரிடம் ஜலதோஷம் மாதிரி சொல்கிறார்கள். அன்று ஊர் நடுவில் அதைச் சொல்வதற்குப் பதில் செத்துப்போகலாம். மேஸ்திரி சொன்னார். "நான் எந்த மதமும் மாறல. தோலுல கோளாறு, டாக்டரு அறுத்தாரு. ஒரு வருசமா வலில செத்தேன். அவள நான் ஒதுக்கல, வலி தாங்காம ஒதுங்கினேன். சொல்ல வெக்கமாப் போச்சி." அதட்டியே பழகிய அந்தக் குரல் நடுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர்களுக்கு அப்போதும் மதம்தான் கவலை. கடலில் முழுக்குப் போடட்டும் என்றார் ஒருவர். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்றார் இன்னொருவர். சத்தம் ஏறிக்கொண்டே போனது. பெண்கள் கூட்டத்திலிருந்து அவர் மனைவி எழுந்தாள். அத்தனை ஆண்களையும் தாண்டி நேராக நடந்து வந்து புருஷனுக்கு எதிரில் நின்றாள்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் மேஸ்திரி.

"அப்ப வா, நம்ம வூட்டுக்குப் போலாம்."