துவாரபாலகர் இடுப்பில் பேஜர்

"கொஞ்சம் நில்லுங்க சார். இடுப்பைப் பாருங்க, இடுப்பை!"

புளியோதரைப் பொட்டலத்தோடு கோயில் பார்க்க வந்த குடும்பம் திடுக்கிட்டு நிற்கும். பட்டப்பகல் வெயிலிலும் பேனா டார்ச்சை அடித்து ஆறுமுகசாமி காட்டுவது துவாரபாலகரின் இடுப்பை. அங்கே கச்சையில் சதுரமாக ஒரு கட்டி.

"பேஜர் சார். உள்ளே இருந்து சாமி கூப்பிட்டா இவருக்கு இங்கே கிர்ருனு அடிக்கும்."

வாரத்தில் ஆறு நாள் அவர் மைசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். உதிரிபாகங்களுக்கு நடுவிலேயே தலை நரைத்ததாலோ என்னவோ, கண்ணில் படுவதெல்லாம் அவருக்கு ஏதோ ஒரு மெஷினின் உதிரிபாகம். ஏழாவது நாள் பஸ் ஏறி, ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டியுள்ள இந்தப் பழைய கல்கோயிலுக்கு வந்துவிடுவார். சம்பளம் கிடையாது. அழைத்தவர் எவரும் கிடையாது. தப்பி ஓடியவர்கள் உண்டு.

சுவரில் ஒரு பெண் கையில் எதையோ ஏந்தி நிற்கிறாள். பாமரர்கள் அதைக் கண்ணாடி என்பார்கள். ஆறுமுகசாமிக்கு முதலில் அது டிரான்சிஸ்டராக இருந்தது. தெருவெல்லாம் கலர் டி.வி. வந்ததும் ரிமோட் ஆயிற்று. இந்த வருடம் செல்ஃபோன். கல் மாறவில்லை; மைசூர் தேவராஜ அரசு ரோட்டுக் கடைகளின் ஷோகேஸ்தான் மாறியது.

"இவ்வளவும் இருந்துச்சுன்னா இப்ப எங்கே போச்சு அங்கிள்?" என்று ஒரு காலேஜ் பையன் மடக்கினான்.

"சர்வீஸ் பண்ண ஆள் கிடைக்கலப்பா" என்றார், சொந்த மெக்கானிக்கைப் பறிகொடுத்த துக்கத்தோடு.

இந்த மகா விஞ்ஞானியின் இல்லத்தில் மாவரைக்கும் இயந்திரம் ஆட்டுக்கல். அதன் மோட்டார், பாப்பம்மாள். ராமாபுரத்துப் பெண். தாலி ஏறிய மறுநாள் சுற்றத் தொடங்கிய வலது கை இன்னும் நின்றபாடில்லை. இப்போது தோள்பட்டை இறுகி, தலை பின்னக்கூடக் கை மேலே போவதில்லை. இனி ஆட்டுக்கல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணில் நீர் முட்ட, "ஒரு கிரைண்டர் வாங்கிப்போடலாமுங்க" என்று அவள் கேட்டால் கல்லும் கரையும். ஆறுமுகசாமி கரைய மாட்டார்.

"கிரைண்டர்ங்கறதே நம்ம ஆட்டுக்கல்லைப் பார்த்து அடிச்ச காப்பி புள்ள. ஒரிஜினலை ஊட்டுல வெச்சுக்கிட்டு எவனாச்சும் காப்பிய வாங்குவானா?"

போன ஞாயிறு பாப்பம்மாளும் அவரோடு பஸ் ஏறினாள். பெங்களூரிலிருந்து ஒரு வேன் கூட்டம் வந்திருந்தது. பேஜர், செல்ஃபோன் எல்லாவற்றையும் அவர்களோடு சேர்ந்து அவளும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எனக்கொரு சந்தேகமுங்க."

ஆறுமுகசாமி பூரித்துப் போனார். இத்தனை வருட இல்லறத்தில் அவள் கேட்கும் முதல் ஆராய்ச்சிக் கேள்வி! "கேளு புள்ள, கேளு."

"இந்தச் செவுத்துல ஆடறவ இருக்கறா, பூ வெக்கறவ இருக்கறா, கால்ல முள்ளு எடுக்கறவகூட இருக்கறா. மாவாட்டறவ ஒருத்தியும் காணமே? அப்ப அவிய ஊட்டுல எல்லாம் கிரைண்டர் இருந்திருக்குமுங்களா?"

வேன் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சூப்பர் அம்மா! பதில் சொல்லுங்க சார், ஹேளி சார்!"

பாப்பம்மாள் சிரிக்கவில்லை. "மாவாட்டறவ ஒருத்தியக் காட்டிப்போடுங்க. அப்பறம் நான் வாயத் தொறக்கல, சாகற மட்டும் கல்லுலயே ஆட்டறேன். இல்லீன்னா இந்தப் பொம்பளைங்களுக்கு இருந்தது எனக்கும் வேணுமுங்க."

ஆறுமுகசாமி டார்ச்சோடு கிளம்பினார். தேவர்களைத் தள்ளினார், யானைகளைத் தள்ளினார், நாட்டியக்காரிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூவுலகமும் செதுக்கிய சிற்பிகளுக்கு இட்லி சாப்பிடும் வழக்கமே இல்லையா? ஒரே ஒரு மாவாட்டி கிடைத்தால் போதும், கிரைண்டர் பேச்சு இந்த ஜென்மத்தில் எழாது!

கோயிலின் பின்புறம், மழைநீர் வடியும் மூலையில், அடிவரிசையில், பாசிக்கு நடுவே அவள் இருந்தாள். உள்ளங்கை அளவுதான். ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழவியைப் பிடித்து, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

'கிடைச்சுட்டா!' என்று கத்த வாயெடுத்தவர் சட்டென்று டார்ச்சை அணைத்தார். பேஜர் கட்டிய ஊரில் ஒருத்தி எதற்காகக் கையால் மாவாட்டுகிறாள்? இவள் ஆட்டியது உண்மையென்றால் அந்தச் செல்ஃபோன் வெறும் கண்ணாடி. பேஜர் வெறும் கச்சை முடிச்சு. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும்... ஐயோ, அதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

காலடிச் சத்தம் நெருங்கியது. முன்னால் பாப்பம்மாள், பின்னால் வேன் கூட்டம்.

"என்னுங்க, சிக்குனாளா?"

அவர் சுவருக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார். "ஒருத்தியும் இல்ல புள்ள."

"அட, எந்திரிங்க. வெள்ளைச் சட்டையெல்லாம் பாசியாகுது பாருங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

ஆறுமுகசாமி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. முதுகைச் சுவரோடு இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டார்.