நானூறு மீட்டர் இடைவெளி

2024 மார்ச் 3, ஞாயிறு: சுட்ட குண்டுகள் 412, வீழ்த்தியது 0.
மார்ச் 10: குண்டுகள் 388, வீழ்த்தியது 0.
மார்ச் 17: குண்டுகள் 430, வீழ்த்தியது 0.

இவை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் நோட்டில் உள்ளவை. முப்பத்தொரு வருடத்தில் முன்னால் போன வண்டியை ஒருமுறைகூட இடிக்காதவர். அறுபத்திரண்டு வயதில் கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. ஆறு பேர் கொண்ட குழு; ஞாயிறு மாலைகளில் எதிரியின் குண்டுவீச்சு விமானங்களை மறிப்பார்கள். குழுத் தலைவி மருந்துக்கடை நடத்துபவள். ஓய்வுக்குப் பிறகும் அவரை டிரைவர் என்று கூப்பிட்டவர்கள் அந்த ஐந்து பேர்தான்.

மூன்றாம் ஞாயிறும் அவருடைய விமானம் தீப்பிடித்து விழுந்ததும் தலைவியின் குரல் காதில் கேட்டது.

"டிரைவர் அண்ணே, சுடப் போறீங்களா, வழியனுப்பப் போறீங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் ஒண்ணாவது விழணும்ணே. உங்க இடத்துக்கு ஆள் காத்திருக்கு. எல்லாரையும் கேட்டுட்டு முடிவை எழுதி அனுப்புறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "பஸ் பின்னாடி போற மாதிரியே போறீங்க. அந்த விமானத்தோட வால்ல ஒருத்தன் துப்பாக்கியோட உட்கார்ந்திருக்கான்ல?"

"உனக்கென்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. மூணு வாரமா விழுறது யாருன்னு மட்டும் தெரியும்."

அவர் மூன்று ஞாயிறு ஆட்டங்களின் பதிவுகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் நேர் பின்னால், நானூறு மீட்டரில், முன்னால் போகிறவனின் அதே வேகம். நெருங்கினால் கை தானாக வேகத்தைக் குறைத்திருக்கிறது. அவருடைய இரண்டு இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகளோ இருநூறு மீட்டரில்தான் ஒரே புள்ளியில் சேரும்.

வாரம் முழுக்கத் தனியாகப் பழகினார். எதிரி விமானத்தைத் தாண்டிப் போய், உயர்ந்து, திரும்பி, அதன் முன்பக்கம் மேலிருந்து இறங்க வேண்டும். குறிவட்டத்தை அது நிறைக்கும்வரை சுடக் கூடாது. ஒரே எஞ்சினைக் குறிவைத்து ஒரு நொடி சுட்டு, உடனே அடியில் புகுந்து விலக வேண்டும். முதல் இரண்டு நாளும், எதிரே ஒன்று வருகிறது என்றதும் சுடாமலே ஒதுங்கி வழிவிட்டார்.

மார்ச் 24: குண்டுகள் 64, வீழ்த்தியது 1. எதிரியின் வலது எஞ்சினில் தீப்பிடித்து இறக்கை முறிந்தது.

"அண்ணே, உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. வாழ்க்கையில முதல் தடவையா ராங் சைடுல போனேன்."

அவர் இடம் அவருக்கே என்று ஐந்து பேரும் ஒப்புக்கொண்டதாகத் தலைவி கடிதம் எழுதி அனுப்பினாள். அதன்பின் இதுபற்றி யாரும் எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள்: 2024 மார்ச் 26, செவ்வாய்.